ரங்கூன் பவனத்தின் நிழல்

ரங்கூன் பவனத்தை இடித்துத் தள்ளிய மறுநாள் காலையில், அது நின்ற மனையில் உடைந்த செங்கலும் சுண்ணாம்புப் பொடியும் தவிர ஒன்றுமே இல்லாதபோதும், அதன் நிழல் மட்டும் காலம்காலமாக விழுந்து பழகிய அதே கடைவீதியில், அதே நேரத்தில், இரண்டு மாடியும் வளைவு ஜன்னல்களும் உச்சியில் பூவேலை செய்த கைப்பிடிச் சுவருமாக ஒன்று விடாமல் வந்து விழுந்தது. அதை முதலில் பார்த்த பால்காரர் அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார், பிறகு சைக்கிளை நிழலுக்குள் தள்ளி ஸ்டாண்டு போட்டுவிட்டு எதிர்க்கடையில் ஒரு டீ சொன்னார்.

மருதங்கோட்டை அப்படிப்பட்ட ஊர். ஒரு மணிக்கூண்டு, நாலு வீதி, ஒரு ரயில் நிலையம், மிச்சமெல்லாம் வெயில் என்றிருக்கிற ஊரில், நிழல் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது சோறு போடுகிறவளிடம் அரிசி எந்தக் கடை என்று கேட்கிற மாதிரி, யாரும் கேட்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் பூக்காரி பேச்சியம்மாள் கூடையோடு வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், அவளுக்குப் பக்கத்தில் கீரை வந்தது, வெள்ளரிப்பிஞ்சு வந்தது, பூட்டு ரிப்பேர்காரர் பெட்டியோடு வந்தார், "கட்டடம் போனா என்ன, நெழல் இருக்குல்லா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அத்தோடு ஆச்சரியம் தீர்ந்துபோயிற்று.

காலையில் மேற்கே கடைவீதி முழுக்க நீண்டு கிடக்கும் நிழல் உச்சிவேளை வரை சுருங்கிச் சுருங்கி மனைக்குள்ளேயே போய்ப் பதுங்கிவிடும் என்பதால், வியாபாரிகளும் கூடையையும் சாக்கையும் இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தார்கள். மதியத்துக்கு மேல் அது கிழக்கே திரும்பி அந்தோணியார் கோயில் தெருவின் மேல் விழும், அங்கே பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மழைக்காலத்தில் வானம் மூடிக்கொண்டால் கரண்டு போன மாதிரி எரிச்சலோடு "இன்னைக்கு ரங்கூன் இல்ல" என்று சொல்லிக்கொண்டு கடையை எடுத்துக் கட்டினார்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் தங்கள் இடத்தில் ஒரு துண்டையோ செங்கலையோ ஒற்றைச் செருப்பையோ வைத்துவிட்டுப் போனார்கள். விவரம் தெரியாமல் யாராவது அதில் உட்காரப் போனால் பக்கத்தில் இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "ஆள் இருக்கு" என்பார். பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் கல்யாணப் பந்தியிலும் செல்லுபடியாகிற அந்தச் சட்டம், இல்லாத கட்டடத்தின் நிழலிலும் செல்லுபடியானது.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அந்த ஆளின் நிழலைப் பார்க்கும்வரை. கைப்பிடிச் சுவரின் பூவேலைக்கு மேலே, உச்சியில், ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலையில் கட்டு, ஒரு கையில் நீளமாக ஒரு கம்பி, இன்னொரு கையில் ஏதோ தொங்குகிறது. காலையில் அவன் தலை எதிர்ப்பக்கத்து ஜவுளிக்கடையின் படியில் கிடந்தது. கடைக்கு வந்தவர்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

"அங்க மேல யாரோ நிக்காப்ல இருக்கே" என்று முதலில் வாயைத் திறந்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பதில் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, சொன்னவர் தர்மலிங்க அண்ணாச்சி. கம்பிக்கடை முதலாளி, நகர நலச் சங்கத்தின் தலைவர், ரங்கூன் பவனத்தை விலைக்கு வாங்கினவரும் இடித்தவரும் அவர்தான். பழமையான கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று வெளியூரில் சிலர் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். தடை உத்தரவு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றிருந்தபோது, அது வந்து சேர்வதற்குள் கயிறு கட்டி இழுத்துத் தரைமட்டமாக்கி, அன்று சாயங்காலமே இடிபாட்டையெல்லாம் லாரியில் அள்ளிப் புது பஸ் ஸ்டாண்டுக்காகத் தூர்த்துக்கொண்டிருந்த குளத்தில் கொட்டிவிட்டு, மறுநாள் ஊரிலேயே சத்தமாக "என்ன மாதிரி கட்டடம்!" என்று உச்சுக்கொட்டியவரும் அவர்தான்.

"அது சிலைடே," என்றார் அண்ணாச்சி. "துப்பாக்கி புடிச்ச சிப்பாய். எங்க ஐயா காலத்துலயே அங்கதான உண்டும்."

பிறந்ததிலிருந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், அதன் உச்சியில் காக்காயைத் தவிர வேறெதையும் கண்டிராத ஊர், அண்ணாச்சி சொன்ன அந்த நிமிஷத்தில் சிலையை நினைவுகூரத் தொடங்கியது. அதற்கு நீலக் கோட்டு என்றார் ஒருவர், சிவப்பு என்று அடித்துப் பேசினார் இன்னொருவர், சின்ன வயசில் அதன் மீசையைப் பார்த்துப் பயந்து மூத்திரம் போனதாக ஒரு பெரிய மனிதரே சொன்னார். மாதம் ஒன்று போவதற்குள் நிழலின் தலைமாட்டில் ஒரு எலுமிச்சம்பழம் வந்தது, அப்புறம் சூடம், அப்புறம் சுருட்டு. துப்பாக்கிச் சாமி என்று பெயராயிற்று. நிழல் நகர நகர எலுமிச்சம்பழத்தையும் நகர்த்த வேண்டியிருந்ததால் அதற்கென்றே ஒரு பூசாரி முளைத்தார், அவருக்கு அந்த வேலை இடுப்பு வலியைக் கொடுத்தது. நல்லது எதையும் இந்த ஊர் இவ்வளவு சீக்கிரம் ஒன்றுகூடிச் செய்ததில்லை.

அந்தச் சாமிக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள். அந்தோணியார் கோயில் தெருவில், ரங்கூன் பவனத்தின் பின்மதிலை ஒட்டிய வீட்டில், பிரின்சி என்ற பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்த சலேத்மேரிதான் அது.

அவள் புருஷன் மிக்கேல் கட்டடம் பிரிக்கிற வேலைக்காரன். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைக் கட்டிச் சுவரை இழுப்பதற்கு முன்னால் ஒருவன் கீழே நின்று, "மேல ஆள் இருக்கா?" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும், ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் நடுவே ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா இருக்க வேண்டும், ஏனென்றால் பாழடைந்த கட்டடத்தில் போக்கிடம் இல்லாதவர்கள் படுத்திருப்பார்கள், நாய் குட்டி போட்டிருக்கும். மிக்கேல் இருந்த கூட்டத்தில் கூப்பிடுகிறவன் மிக்கேல்தான். அவனுக்கு இடது காது செவிடு, சின்ன வயசில் சீழ் பிடித்துப் போனது, தூசி பட்டால் வலிக்கும் என்று தலைத்துண்டை எப்போதும் இடது காதை மூடி முடிச்சுப் போட்டிருப்பான். தனக்குக் கேட்காததுபோல் பிறருக்கும் கேட்காது என்று நினைத்தோ என்னவோ ஊரே அதிரக் கூப்பிடுவான். முதலாளிகள் அவசரப்படுத்தினால், "கட்டடம் எங்கயும் ஓடிப்போயிராது அண்ணாச்சி" என்பான்.

ரங்கூன் பவனம் விழுந்த அன்று அவன் வீடு திரும்பவில்லை. அவனுடைய சைக்கிள் ரயில் நிலையத்து வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. கூட வேலை செய்தவர்களெல்லாம் வெளியூர்க்காரர்கள், அன்றைக்கே லாரி ஏற்றி அனுப்பப்பட்டிருந்தார்கள். ரயிலேறிவிட்டான் என்றது ஊர். கேரளத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று சேர்த்துக்கொண்டது, அவளுக்குச் சுருட்டைமுடி என்பதுவரை.

ஆனால் தினமும் சாயங்காலம், சூரியன் இறங்க இறங்க, ரங்கூன் பவனத்தின் நிழல் அந்தோணியார் கோயில் தெருவுக்குள் நீண்டு, மதிலேறி, சலேத்மேரி வீட்டுப் பின்சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். கடைவீதியில் தரையில் கிடந்து மங்கலாகத் தெரிகிற ஆள் அங்கே சுவரில் நிமிர்ந்து, பெரிதாக, துலக்கமாக நிற்பான். இடது காதை மூடிய முடிச்சு. கடப்பாரை. மூடி நெளிந்த தூக்குச்சட்டி. முதல் நாள் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அந்த நிழலின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெயில் காய்ந்த எந்தச் சுவரும் சுடுகிற மாதிரிதான் சுட்டது.

"அம்மா, அப்பா அசையவே மாட்டேங்காவளே," என்பாள் பிரின்சி, பாடப் புத்தகத்தோடு அந்தச் சுவரடியில் உட்கார்ந்துகொண்டு.

"வேலையில நிக்காவட்டி. பேசாத படி."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, நிழலை வைத்து வழக்குப் போட முடியாதம்மா என்றார். கோயிலுக்குப் போனாள். "நான் நம்புதேன் தாயி," என்றார் சாமியார், "ஆனா இறந்தவங்களுக்கான பூசை வைக்கணும்னா, ஆள் இறந்தாரு, நான் அறிவேன்னு ஊர்ல ஒருத்தராவது சொல்லணும்லா." கல்லறைத் திருநாளில் எல்லோரும் தங்கள் கல்லறைகளைக் கழுவி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, தாயும் மகளும் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு நின்றுவிட்டு, ஏற்றாமலே திரும்பக் கொண்டுவந்தார்கள். பொண்டாட்டியா, கைம்பெண்ணா என்று அவளுக்கே தெரியாத வாழ்க்கை அது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மிக்கேல் எங்கும் ஓடிப்போகவில்லை, அந்தக் கட்டடத்தின் மேலேதான் இருந்தான் என்று இந்த ஊர் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் நிழலின் பேர் வெளியூருக்கும் பரவி, மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேமராவும் தொப்பியுமாக ஆட்கள் வரத் தொடங்கியதும், நகர நலச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை தோறும் மரபு நடை என்று ஒன்றை ஆரம்பித்தது. பழைய கட்டடங்களை நடந்தே சுற்றிக் காட்டி வரலாறு சொல்ல வேண்டும், அதற்கு நல்ல குரல் வேண்டும். கோயிலில் வாசகம் வாசிக்கும்போது மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் சலேத்மேரியுடையது. தர்மலிங்க அண்ணாச்சியே ஒரு சீப்பு பழத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார், அதுவும் காலையில், அந்தச் சுவரில் ஒன்றும் இல்லாத நேரத்தில். "பிள்ளைய வச்சிக்கிட்டுக் கஷ்டப்படுத. சங்கத்துல ஒரு வேலைன்னு வச்சுக்கோ" என்றார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வாரம் ஒரு தடவை எல்லோர் முன்னாலும் மிக்கேலுக்கு எதிரே போய் நிற்கலாம் என்பதும் புரிந்தது. சரி என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அவள் கூட்டத்தை அழைத்துக்கொண்டு நடந்தாள். தன் இஷ்டத்துக்கு மணியடிக்கிற மணிக்கூண்டு, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்து இப்போது வௌவால்கள் குடியேறிவிட்ட கிட்டங்கி, ரேஷன் கடையாகிவிட்ட பழைய சப்-ஜெயில், கடைசித் தந்தி யார் செத்ததற்கு வந்தது என்று எல்லோரும் மறந்துவிட்ட தந்தி ஆபீஸ், இவற்றையெல்லாம் தாண்டிக் கடைசியாக ரங்கூன் பவனத்தின் நிழலுக்கு வந்து சேர்வார்கள். "அரிசி வியாபாரத்துக்கு பர்மா போய்த் திரும்பிய ஒருவர் கட்டியது" என்று தொடங்குவாள், தேக்கையும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்தையும் பற்றிச் சொல்வாள், பிறகு சங்கம் சொல்லிக்கொடுத்த வாக்கியம் வரும்: "உச்சியில் நீங்கள் காண்பது துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் சுதைச் சிலை." அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவள் குரல் முதல் வரிசைக்குக்கூட எட்டாது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யை அறிக்கையிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதையே சொன்னாள்.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் குனிந்து நிழலை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, சிப்பாய் செலை கையில எதுக்குத் தூக்குச்சட்டி?" என்று கேட்டார்.

கடைவீதியில் எல்லோரும் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பூட்டு ரிப்பேர்காரர், "சிப்பாய்க்கும் வயிறு உண்டும்லா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நிம்மதியாகச் சிரித்தார்கள், பூசாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சலேத்மேரி சிரிக்கவில்லை. அந்தச் சட்டியில் என்ன இருந்தது என்று அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சுண்டவைத்த மொச்சைக் குழம்பும் சோறும், ஓரத்தில் ஒரு துண்டு கருவாடும். கருவாடு சின்னதாக இருக்கிறதே என்று அன்று காலையில் அவளே அவனிடம் வருத்தப்பட்டிருந்தாள்.

சிரிக்காத இன்னொருத்தி பேச்சியம்மாள். கூட்டம் கலைந்தபின் அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு சலேத்மேரி பின்னாலேயே வந்து, சப்-ஜெயில் மதிலோரத்தில் அவள் கையைப் பிடித்தாள்.

"சட்டிய மேல மறந்து வச்சிட்டேன்க்கா, எடுத்துட்டு வந்திருதேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் தாயி ஏறினாவ," என்றாள். "மத்தவனுவ எல்லாம் டீ குடிக்க எறங்கியாச்சு. கயிறு கட்டியாச்சு. கூப்புடுத ஆளு அவியதானே, அவியளே மேல நிக்கும்போது யாரு கூப்புடுவா? ஒரு பய லாரிப்பக்கம் நின்னு ஒரே ஒரு தடவ சத்தங் குடுத்தான். ஆர்டர் வந்துகிட்டு இருக்கு, போதும் இழுங்கலேன்னுட்டாவ அண்ணாச்சி. சைக்கிள ரயில் நிலையத்துல கொண்டு விட்டதும் அவுக ஆளுதான்."

"லாரி எந்தப் பக்கம் நின்னுச்சு?"

"தெக்க."

வீதியைப் பார்த்து நிற்கிறவனுக்குத் தெற்கு என்றால் இடது பக்கம், கேட்காத காதின் பக்கம். சலேத்மேரி மதிலில் சாய்ந்துகொண்டாள்.

"இத்தன நாளா ஏன்க்கா சொல்லல?"

"அண்ணாச்சி தெரு தாயி அது. அங்க இருந்து என்னய எழுப்பிவிட்டா நான் எங்க போயி உக்காருவேன்?" என்றாள் பேச்சியம்மாள். அழுதாள். அழுதபடியே திரும்பிப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒரு வாரமாக மழை கொட்டி, ரங்கூன் இல்லாமல் ஊர் சலித்துப் போயிருக்க, அன்று காலையில் வானம் வெளிவாங்கி, கழுவிவிட்ட வீதியில் நிழல் என்றுமில்லாத கருப்போடு விழுந்தது. வியாபாரிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மரபு நடை தொடங்கி ஒரு வருஷம் ஆனதற்காக சிப்பாய்க்கு மாலை போட தர்மலிங்க அண்ணாச்சியும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். பிரின்சி கையில் இரண்டு மெழுகுவர்த்திகளோடு கூட்டத்தில் நின்றாள்.

சலேத்மேரி தேக்கைச் சொன்னாள், முட்டை வெள்ளைக்கருவைச் சொன்னாள். அந்த வாக்கியம் வர வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வடக்குப் பக்கமாக, அவனுடைய நல்ல காது இருக்கிற பக்கமாகப் போய், தரையில் கிடக்கிற நிழலைப் பார்க்காமல், மேலே, ஒன்றுமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்து, வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

"மேல ஆள் இருக்கா?"

மணிக்கூண்டிலிருந்து புறாக்கள் எழும்பிப் பறந்தன. வந்திருந்த விருந்தாளிகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கேமராவைத் தூக்கினார்கள். "ஏ சலேத்து, இது நாம சொல்லிக்குடுத்ததுல இல்லையே," என்றார் அண்ணாச்சி, இன்னும் சிரித்த முகத்தோடு. அவள் ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா நின்றாள்.

"மேல ஆள் இருக்கா?"

இப்போது யாரும் கேமராவைத் தூக்கவில்லை. கீரைக்காரர் கீரையைப் பார்த்தார், பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்தார், பூசாரி எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து மறுபடி வைத்தார். அந்த வழக்கம் தெரியாதவர்கள் அந்த வீதியில் யாரும் இல்லை, மிக்கேலின் குரலை எத்தனையோ கட்டடங்களுக்கு முன்னால் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னால் என்ன போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தாங்கள் உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்று ஒவ்வொருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் ஒரு பீடி நேரம் போயிற்று. அண்ணாச்சியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்றாவது தடவை கூப்பிடும்போது, கோயிலின் கடைசி பெஞ்சு வரை போகிற அந்தக் குரல் பாதியிலேயே உடைந்துபோயிற்று. "மேல ஆள்..." என்றதோடு நின்றுவிட்டது.

பேச்சியம்மாள் எழுந்தாள். மடியில் கட்டிக்கொண்டிருந்த பூவெல்லாம் ஈரத்தரையில் கொட்டியது. அண்ணாச்சியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், இரண்டு கையையும் மேலே தூக்கி வீசிக்கொண்டு கத்தினாள்.

"ஆள் இருக்கு! மேல ஆள் இருக்கு! இழுக்காதீங்கய்யா, இழுக்காதீங்க!"

"ஆள் இருக்கு," என்றார் பூட்டு ரிப்பேர்காரர், தலையை நிமிர்த்தாமல். "ஆள் இருக்கு," என்றார் கீரைக்காரர். ஜவுளிக்கடைப் படியிலிருந்து, டீக்கடையிலிருந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பால்காரரிடமிருந்து, ஒவ்வொன்றாக, மெல்லவும் சத்தமாகவும், கடைசியில் பூசாரியிடமிருந்தும் அது வந்தது. தர்மலிங்க அண்ணாச்சி மட்டும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமென்று இல்லாமல், "சிலைதானடே அது, சிலைதான" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நிழலில் மிக்கேல் அசைந்தான். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான், காதை மூடியிருந்த முடிச்சை அவிழ்த்தான், முகத்தைத் துடைத்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாறேன் என்பதுபோல் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு இறங்கினான். தரையில் கிடந்த ஜன்னல் நிழல்களுக்குள் தூக்குச்சட்டியோடு ஒரு உருவம் மேல்மாடியைத் தாண்டி, கீழ்மாடியைத் தாண்டி, படிப்படியாக, அவசரமில்லாமல் இறங்கி வருவதை எல்லோரும் பார்த்தார்கள். வாசல் நிழலிலிருந்து வெளியே வந்து, ஜனங்கள் காலை ஒதுக்கி வழிவிட, ஈரவீதியில் ஊர்ந்து, சலேத்மேரியின் காலடியில் வந்து நின்றான். கட்டடத்தின் நிழல் உச்சியிலிருந்து தொடங்கி, பூவேலையும் ஜன்னல்களும் மாடிகளுமாகச் சத்தமே இல்லாமல் சரிந்தது. வெயில் வந்து வீதியில் விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபோது காலடியில் அவளுடைய நிழல் மட்டும்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கோயிலில் சாவு மணி அடித்தார்கள், பூசை நடந்தது, தாயும் மகளும் வெறும் மனையில் செங்கல் துகளுக்கு நடுவே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பேச்சியம்மாள் பூ கொண்டுவந்தாள். வீட்டுக்குத் திரும்பியபோது பின்சுவர் முழுக்க வெறும் மஞ்சள் வெயில். அதைப் பார்த்ததும் சலேத்மேரி வாய்விட்டு அழுதாள். கேட்டது கிடைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் வந்துகொண்டிருந்த மனிதர் இனி வரமாட்டார். இரண்டும் ஒரே நாளில் நடந்தது, அவளால் தாங்க முடியவில்லை.

ஊர் அவளை மன்னித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். போலீஸ் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனது, தூர்த்த குளத்தின் மேல் பஸ்கள் நிற்பதால் மிக்கேலைத் தேடித் தோண்டுவது பற்றி யோசிக்கலாம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். அண்ணாச்சி சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்க மகன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. சித்திரை வெயிலில் கீரை காலையிலேயே வாடும்போது, "சும்மா கெடந்த நெழல இவ கூப்புட்டுக் கெடுத்துட்டா" என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள்.

மரபு நடை மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருகிறது, குறைவாகத்தான் வருகிறது, சலேத்மேரி அவர்களை மணிக்கூண்டிலிருந்து கூட்டிவந்து, ஒன்றுமே இல்லாத அந்த மனைக்கு எதிரே வெயிலில் நிறுத்தி, தேக்கையும் முட்டை வெள்ளைக்கருவையும் மொச்சைக் குழம்பையும் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொல்கிறாள். வியாபாரிகள் குடையைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நெருக்கடியிலும் ஜவுளிக்கடைப் படியில், அவன் தலை வந்து விழுந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அதில் ஒரு துண்டு விரித்திருக்கிறது. போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஒருவர், வெயில் தாங்காமல், துண்டைத் தள்ளிவிட்டு அங்கே உட்காரப் போனார். பேச்சியம்மாள் பூத் தொடுப்பதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"அங்க ஆள் இருக்கு," என்றாள்.